மூன்று யூனிட்

விழுந்தது ஒன்று.
ரசீதில் மூன்று என்று போட்டிருந்தது.
"பாலம்னா அப்படித்தான் சேட்டா,
நடுவில் நிக்கிறதைப் பிடிக்க
ரெண்டு பக்கமும் ஆள் வேணும்"
என்றாள் ஷைனி சிஸ்டர்,
மலையாளத்தைப் பாதி வழியில் தமிழுக்குத் திருப்பி.
யூனிட்டுக்கு ஐம்பத்தைந்து தினார்.
என் ஒரு மாதச் சம்பளம்
அதில் பத்து குறையும்.

தம்மாம் துறைமுகத்தில்
கம்பிக்கட்டை இறுக்கும்போது
நெம்புகோல் நழுவித் திரும்பி வந்தது.
துப்பியதைத் தண்ணீர் பாட்டில் மூடியில் வைத்துப் பார்த்தேன்.
வாய்க்குள் இருந்தவரை
இத்தனை நீளம் என்று தெரியாது.

அதன்பின் 'த' வரவில்லை, காற்றுதான் வந்தது.
செந்தாமரை என்று கூப்பிட்டால்
நடுவில் ஒரு சீட்டி.
சிக்னல் சரியில்லை என்று
வீடியோவை அணைத்துவிடுவேன்.
அவளும் சிக்னலைத்தான் திட்டினாள்.

சல்மாபாத்தில், கஃபட்டேரியாவுக்கு மேல்மாடி.
டாக்டர் ஹனான் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார்:
இந்த இரண்டையும் ராவ வேண்டும்.
சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை.
கரும்பு கடித்த பற்கள்.
"அதுங்க என்ன தப்பு பண்ணுச்சு?"
மரத்த உதட்டால் கேட்டேன்.
எகிப்துக்காரருக்குத் தமிழ் தெரியாது.
மிஷின் கூவத் தொடங்கியது,
வாயில் நகம் தீய்ந்த வாசனை.

பிச்சைக்கனி போனது மார்ச்சில்.
சித்ரா கேம்பில் மூன்று கட்டில் அறை,
நடுக்கட்டில் அவனுடையது.
தலையணைக்கடியில் டிரெய்லர் சாவி,
மடித்த கைலி, பாதி தீர்ந்த தைலம்.
ஓடிப்போனான் என்று கம்பெனி எழுதிக்கொண்டது.
எங்கே என்று யாரும் எழுதவில்லை.
அவன் ட்ரிப்புகளை
இந்தப் பக்கம் எனக்கும்
அந்தப் பக்கம் சவரிராயனுக்குமாகப் பிரித்தார்கள்.
ரியாத்தில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பி,
காஸ்வே வரிசையில் ஸ்டியரிங்மேல் நெற்றி வைத்து,
பின்னால் ஹாரன் அடித்தால் எழுந்து
பத்தடி நகர்த்தி மறுபடி நெற்றி வைத்து.
வெள்ளிக்கிழமை மாதத்துக்கு ஒன்றாகிவிட்டது.
ஆபீஸ் சார்ட்டில் ஒரு கட்டமும் காலி இல்லை.
சவரிராயன் இளைத்ததை நான் பார்த்தேன்.
என்னை அவன் பார்த்திருப்பான்.
நெம்புகோல் நழுவிய அன்று
நான் தூங்கி முப்பது மணி நேரம்.

நிறம் பார்க்க
பல் பல்லாக ஒரு பட்டையை
உதட்டருகே பிடித்தாள் ஷைனி.
வெள்ளையெல்லாம் தள்ளிவிட்டு
டீ நிறத்தில் ஒன்றைத் தொட்டேன்.
"கரெக்டாயிட்டு எடுத்தீங்க" என்றாள்.

பத்தாம் நாள் ஒட்டினார்கள்.
மூன்றும் அண்ணன் தம்பி போலிருந்தன.
படிக்கட்டிலேயே நின்று கூப்பிட்டேன்,
செந்தாமரை.
"இப்பத்தான் சிக்னல் நல்லாருக்கு"
என்றாள் அவள்.

நேற்று காஸ்வேயில் நான்கு மணி நேரம்
நின்றது வண்டி.
இருபக்கமும் கடல், முன்னால் சிமெண்ட் லாரி.
பிளாஸ்கிலிருந்து சுலைமானி ஊற்றினேன்.
நடுப்பல்லுக்குச் சூடு தெரியவில்லை.
பக்கத்துப் பற்கள் இரண்டும்
உள்ளுக்குள்
சுரீரென்றன.