மூன்று பத்துக்கு ஏறும் லிஃப்ட்

பகலில் நான் வங்கிக்காரன்.
அதாவது, வட்டிக் கணக்கில்
ஒரு தசமப்புள்ளி வழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்பவன்.
இரவில் எனக்கென்று இருப்பது
சமையலறை மேசையில் பாதி.
மறுபாதி ரொட்டிக்கு.

என் பாதியில் இதுவரை செத்துப்போனவை சில:
மழையை முன்கூட்டிச் சொல்லவேண்டிய ஜன்னல்
(நனைந்த பிறகு சொன்னது);
முப்பத்து மூன்று ஜார்ஜிய எழுத்துக்கும்
நானே விசை செதுக்கிய பலகை,
ஒன்பது விசைகள் இன்னும் தபாலில்;
வேளாவேளைக்குச் சோறிடும் பெட்டி.
பூனை இரண்டாம் நாளே அதன் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தது:
முன்னங்காலால் ஓர் அறை.

திபிலீசியின் ஓரம், க்ல்தானி, ஒன்பது மாடி.
எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
பத்துத் தெத்ரி போட்டால்தான் அசையும்,
அசைந்தபின் எங்கே நிற்கும் என்பது அதன் இஷ்டம்.
"எப்போதிலிருந்து இப்படி?" என்பார்
பழுது பார்க்கும் ஜும்பெர்.
யாருக்கும் தெரியாது.

லிஃப்ட் ஓடும் குழி என் சமையலறைச் சுவருக்குப் பின்னால்தான்.
ஒரு கச்சாப்புரியின் விலையில்
அதிர்வறியும் சில்லு ஒன்று வாங்கி
பற்றவைத்து, தீப்பெட்டியில் அடைத்து,
சுவரில் ஒட்டினேன்.

காலை எட்டு மணி சீப்பின் பற்கள்.
மதியம் மொட்டை.
மூன்று பத்துக்கு, ஊரே உறங்கும்போது,
மேலே, கீழே, மேலே, கீழே
பதினொரு தடவை.

என் நிரலைத்தான் சந்தேகித்தேன்.
நேரம் நான்கு மணி பிசகியிருக்குமோ?
இரண்டு இரவு திருத்தி எழுதினேன்.
கோடுகள் நகரவில்லை.

ஆறாம் இரவு காலுறையோடு வெளியே போய்ப் பொத்தானை அமுக்கினேன்.
கதவு திறந்தது.
எட்டாம் மாடி ஹாத்துனா,
இரவுடைமேல் கணவனின் கோட்டு,
தோளில் மூன்று மாதத்துப் பையன்.
வணக்கம் சொல்ல வாயெடுத்தேன், ஷ்ஷ் என்றாள்.
"நின்றால் அழுகிறான்."
கோட்டுப் பை சில்லறைக் கனத்தில்
முழங்கால்வரை தொங்கியது.

கை சும்மா இருக்குமா?
மோட்டாரின் முனகலைப் பதிந்து
பிஸ்கட் டப்பாவில் ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தேன்.
என் மேலாளர் என்னைக் கேட்பதுபோலவே
பையன் ஒரு நிமிடம் மரியாதையாகக் கேட்டான்.
பிறகு வீறிட்டான்.
இரண்டாம் பதிப்பு குலுங்கவும் செய்தது.
அதைப் பற்றிப் பேசவேண்டாம்.

மாதக் கடைசியில் ஜும்பெர் வரைபடம் கேட்டார்.
"கம்பிவடம் தேய்கிறது, ராத்திரியில் யாரோ ஓட்டுகிறார்கள்."
மூன்று மணி வரிகளை அழித்துவிட்டுக் கொடுத்தேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தார்.
"எல்லா ராத்திரியிலும் இருபது நிமிஷம் காணோமே, தம்பி.
எலி கடித்ததா?"
நான் ரொட்டியைப் பார்த்தேன்.
மேலே குழந்தை அழத் தொடங்கியது.

அன்று மாலை
லிஃப்ட்டின் காசுப்பெட்டிக்குள்
ஒரு பத்துத் தெத்ரி சிக்கிக்கொண்டது.
போட்ட காசு போட்டபடியே இருப்பதாகப் பெட்டி நினைத்துக்கொண்டது.
ஒன்பது மாடியில் ஒருவரும் புகார் எழுதவில்லை.
ஜும்பெர் வடத்துக்கு மசகு தடவினார், இரண்டு மடங்கு.

பதினொன்று, ஏழானது.
பனிக்காலத்தில் நான்கு.
பிறகு ஒன்று,
அதுவும் பழக்கதோஷத்தால் போல.

போன வியாழன், கோடே இல்லை.
மூன்று பத்துக்கு விழித்து
இருட்டில் சுவரைத் தடவி
தீப்பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.