ஏழாவது பொத்தான்

லூபெக் துறைக்கு ஹெர்ரிங் பீப்பாய்களோடு
வந்திறங்கியது செய்தி:
கோபன்ஹேகனில் உன்னைக் கொன்றுவிட்டார்கள், ஓட்டே.
நீயோ என் எதிரில் உட்கார்ந்து
கறுப்பு ரொட்டியைக் கஞ்சியில் தோய்த்துக்கொண்டிருந்தாய்.

உன் உயரத்துக்கு ஒரு மரப்பொம்மை.
மெழுகில் முகம்.
முதலில் வலது கை, அப்புறம் தலை,
வெட்டிக் காட்டினான் மீன்காரன், காற்றில்.
உருண்ட தலையைப் பையன்கள் எத்தி விளையாடினார்களாம்.
நீ சிரித்தாய்:
"மூக்கையாவது ஒழுங்காகச் செய்தார்களா?"

நான் கேட்டது வேறு.
பொம்மைக்கு என்ன உடுத்தியிருந்தார்கள்?

பச்சை வெல்வெட் மேலங்கி, என்றான்.
வெள்ளிப் பொத்தான் ஆறு.
ஏழாவது மட்டும், என்னவோ, எலும்பு.

அந்த எலும்பைத் தைத்தவள் நான்.

இடக்கை பிடித்து மணந்தவளுக்கு
அரசன் பெற்ற பெண் நான்.
மகள் என்பார்கள், இளவரசி என்னமாட்டார்கள்.
கோயிலில் எனக்கு இரண்டாம் வரிசை.
கல்யாணத்துக்கு அப்பா தந்தது
கிரீடம் பொறித்த ஏழு பொத்தான்கள்,
உன் மார்புக்கு.

ஓரெசுண்ட் நீரிணையில்
எங்கே எத்தனை பாகம் ஆழம்,
எந்த மணல்திட்டு எந்தக் காற்றில் நகரும்,
ஓர் இரவு முழுக்க எழுதினாய்.
விடியுமுன் படகேறி ஸ்வீடன்காரனிடம் போனாய்,
திரும்பி வந்தாய்,
ஒரு பொத்தான் குறைந்து.

மறுநாள் பாசி வழுக்கும் கற்களில்
பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேடினேன்.
நண்டு வளைக்குப் பக்கத்தில் கிடந்தது, என் அப்பாவின் கிரீடம்.
உன்னிடம் சொல்லவில்லை.
நீதிபதிகளிடமும் சொல்லவில்லை.
ஊசிப்பெட்டியின் அடியில்
நூல்கண்டுக்குள் வைத்துச் சுற்றிவிட்டேன்.

என் தம்பி, இப்போதைய அரசன்,
மூன்று கடிதம் எழுதிவிட்டான்.
அவனை விட்டுவிட்டு வா, சிட்செல்.
ஃப்யூன் தீவில் ஒரு வீடு தருகிறேன்,
பசுக்கள் தருகிறேன்.
உன்மேல் குற்றமில்லை என்று ஊருக்கே தெரியும்.

ஊருக்குத் தெரியும்.

இன்றிரவு விறகுக்காரியிடம்
பொத்தானை நீட்டினேன். கடித்துப் பார்த்தாள்.
கிரீடத்தை நகத்தால் சுரண்டி,
"இது தேய்ந்த காசா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
இரண்டு கட்டு கொடுத்தாள், ஈரம்.

புகையில் நீ தூங்குகிறாய்,
பகலில் சிரித்தவன்,
வலது கையை அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டு.

போர்வையை இழுத்துவிட
நீள்கிறது என் கை.
புறங்கையில் இன்னும் இருக்கிறது
மெழுகு சொட்டிய தழும்பு.
நீ ஆழங்களை எழுதிய இரவில்
ஆடாமல் விளக்குப் பிடித்த கை இது.

இதற்கு யாரும்
பொம்மை செய்யவில்லை.