காரணம், ஒரு வரியில்

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவன் நான்.
மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி நெல்லெடுத்து
கருவியில் கொட்டினால் எண் வரும்.
பதினேழுக்கு மேல் ஈரமென்றால்
களத்துக்குத் திரும்பு, காயவை.
அதில் வாதம் கிடையாது.

அதனால்தான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்,
கோரையாற்றங்கரையில் பழைய அரவை மில்லில் நடக்கும்
எங்கள் பள்ளிக்கு.
மெழுகு வண்ணமும் குழலும் பின்னல் ஊசியும்
புழங்கும் இடத்தில்
கூட்டல் தெரிந்த ஓர் ஆள் வேண்டுமாம்.

முன்னால் கிடக்கிறது வட்டார அலுவலகப் படிவம்.
ஐந்தாம் வகுப்பு. பிள்ளைகள் பதினான்கு.
சரளமாக வாசிப்போர்: போன ஆண்டு இவர்களில் நான்கு,
இந்த ஆண்டு பதினொன்று.
வகுத்தல்: மூன்று, பத்து.
அடியில் ஒரு கோடு.
முன்னேற்றத்திற்கான காரணம், ஒரு வரியில்.

ரித்தீஷின் நோட்டை எப்படி ஒரு வரிக்குள் மடிப்பது?
ஆற்றில் தண்ணீர் திறந்த நாளைப் பக்கம் முழுக்க நீலமாய்த் தீட்டி
அடியில் ஆறு வரி, முத்து முத்தாய்.
ஆண்டு விழாவில் சுவரில் மாட்டினோம்,
அம்மாக்கள் செல்போனில் பிடித்தார்கள்.
புதிதாய்ச் சேர்ந்த கூத்தாநல்லூர் மெஹ்ருன்னிசா டீச்சர்தான்
அவனைச் சுவர்முன் நிறுத்தி, வாசிப்பா என்றார்.
அவன் படத்தைப் பார்த்தான்.
எங்களைப் பார்த்தான்.
"ஆறு. தண்ணி வருது."
எழுத்தையும் அவன் வரைந்திருந்தான்.
பலகையில் இருந்ததை, ஒரு சுழி பிசகாமல்.

அன்று கூட்டம் இரவு பதினொன்றரை வரை.
பிள்ளை தானாய் மலரும் என்றார் ஒருவர்.
டி.சி. கொடுங்கள் என்றார் ரித்தீஷின் அப்பா.
"மலர்ந்துச்சான்னு யாராவது
குனிஞ்சு பாக்கணும்ல" என்றார் டீச்சர்.
டீ ஆறிப் போயிருந்தது.

பிறகு பெரிதாய் ஒன்றும் நடக்கவில்லை.
தினமும் பாட்டுக்கு முன்னால்
ஒவ்வொரு பிள்ளையும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து
ஐந்து நிமிடம் வாய்விட்டு வாசித்தது.
கேட்க ஆள் போதவில்லை.
நடவில்லாத நாட்களில் ரித்தீஷின் அம்மா தையல்நாயகி வந்தார்.
அவருக்கு எழுதத் தெரியாது. கேட்கத் தெரியும்.
பிள்ளை திக்கினால் "ம்" என்பார், அவ்வளவுதான்.

வண்ணத்தை யாரும் மூட்டை கட்டவில்லை.
பலகையில் வட்டமாய்ப் பத்து ஆணி, ஒரு நூல்.
நாலாம் வாய்ப்பாட்டின் கடைசி இலக்கத்தைத் தொட்டுக்கொண்டே போனால்
நாலு, எட்டு, இரண்டு, ஆறு, பூஜ்யம்,
ஐந்து முனை நட்சத்திரம்.
ஆறாம் வாய்ப்பாட்டிலும் அதே நட்சத்திரம்,
எதிர்த்திசையில்.
மூட்டைக் கணக்கிலேயே நரைத்தவன்,
எனக்கு அன்றுதான் தெரியும்.
மறுநாள் எடைமேடையருகே காற்றில் விரலால் போட்டுப் பார்த்தேன்.
லோடுமேன் ஒரு மாதிரி பார்த்தார்.

ஆக, காரணம் நூலா, ஐந்து நிமிடமா,
அந்த "ம்" தானா?
ஈரம் எவ்வளவென்று கருவி சொல்லும்.
காயவைத்தது வெயிலா காற்றா
என்று கேட்டால் முழிக்கும்.

பதினான்கில் பதினொன்று.
மீதி மூன்றில் ஒன்று
இந்தப் படிவத்துக்கு இரண்டு முழம் தள்ளி
போர்வையை உதைத்துவிட்டுத் தூங்குகிறது.
பூவிழி.
நட்சத்திரத்தை வகுப்பிலேயே வேகமாய்க் கட்டுவாள்.
ககரமும் தகரமும் இன்னும் அவளுக்கு இடம் மாறும்.
கூட்டத்தில் நான் பதினொன்று என்று படித்ததும்
எல்லாரும் கைதட்டினார்கள்.
அவளும் தட்டினாள், மற்றவர்கள் நிறுத்திய பிறகும்.

"இணைப்பில் காண்க" என்று கோட்டில் எழுதி
மையை உலர விட்டேன்.
இணைப்பு இன்னும் எழுதவில்லை.

காலை ஐந்தே முக்கால்.
செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப்
பக்கத்தில் உட்காருகிறேன்.
செய்தித்தாளை விரித்து விரல் வைக்கிறாள்.
"த... டை... தடைமடைக்குத் தண்ணீர்..."
தொண்டை வரை வந்த எழுத்தை விழுங்கிக்கொண்டு
"ம்" என்கிறேன்.

விரல்
முதல் எழுத்துக்குத் திரும்பிப் போகிறது.