ஆறு மணி, கல்லடிப் பாலம்

கோட்டுத் தாளில் ஆறு மணி என்று இருக்கிறது.
சூரியன் அந்தத் தாளை வாசிப்பதில்லை.
ஆனியில் ஆறுக்குப் பிறகும் நின்று வேடிக்கை பார்க்கும்,
கார்த்திகையில் முந்தி இறங்கிவிடும்.
அம்மாவின் ஓய்வுநாள் சூரியனோடு வரும்.
அப்பா பைக்கோடு வருவார்.
இரண்டும் ஒன்றாக வந்தது இல்லை.

அதனால் ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி
பழைய பாலத்தின் நடுவில்
தூண்டில்காரருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவிட்டு
வெளிச்சம் இருக்கும்போதே
அம்மா கூழாவடிக்குத் திரும்பி நடப்பா.
டச்பாரிலிருந்து அப்பா வரும் வரைக்கும்
நான் ஒருவருடைய பிள்ளையும் இல்லை.
பத்து நிமிடம். ஒருநாள் இருபத்தைந்து.

தோட்டைப் போடுவது அப்போதுதான்.
அம்மா வீட்டில் நகை கூடாது.
துவாரம் தூர்ந்துவிடாமல் இருக்க
விளக்குமாற்றில் முறித்த இரண்டு ஈர்க்குத் துண்டு,
மேலே தலைமயிர்.
அப்பா வீட்டில் வெறுங்காதோடு போய் இறங்கினால்
"உன்னையும் சாமியாராக்கிட்டாவா?" என்று
சிரிக்காமல் கேட்பார்.

பெயரும் அப்படித்தான்.
அங்கே கெத்சீயாள், இங்கே றொசலின்.
பாலத்தில் தூண்டில்கார மாமா
"தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லு" என்பார்.
எனக்கு அது பிடிக்கும்.

அம்மாவின் சனியில் ரியூசன் இல்லை,
அப்பாவின் சனியில் உண்டு.
பின்னம் எனக்குப் பாதிதான் தெரியும்.

செதிள் இருந்தால் சாப்பாடு, ஓடு இருந்தால் விலக்கு.
எங்கட வாவியில் பாடுவது மீனில்லை, ஊரி என்று
விஞ்ஞான ரீச்சர் சொன்ன அன்று
அம்மாவிடம் கேட்டேன், பாட்டும் விலக்கா என்று.
"வாயை மூடிக்கொண்டு படி" என்றா.
மறுகா அடுப்படியில் தனியாகச் சிரித்தது கேட்டது.

ஞாயிறு இரவு என் விரல்களை முகர்ந்து பார்ப்பா.
நான் தேசிக்காய் தேய்த்துக் கழுவியிருப்பேன்.
"என்ன சாப்பிட்ட?"
"பருப்பு."

நீதவானும் கேட்டார், யாரோடு இருக்க விருப்பம் என்று.
மேசையில் ஒரு போத்தல் நிறைய டொபி.
எடுத்தால் யாருக்காவது சாட்சி ஆகிவிடுமோ என்று
எடுக்கவில்லை.
இப்போதும் நினைக்கிறேன்,
ஒன்று எடுத்திருக்கலாம்.

போன கார்த்திகையில் ஒரு வெள்ளி.
மழை இருட்டு. தூண்டில்காரர் யாரும் இல்லை.
அம்மா என்னை நிறுத்தினா, நாலடி நடந்தா,
வானத்தைப் பார்த்தா, திரும்பி வந்து
என் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா.
டவுன் பக்கம் பள்ளியில் பாங்கு சொன்னது.
அம்மாவின் நாள் பாலத்திலேயே தொடங்கிவிட்டது.
உதடு மட்டும் அசைந்தது. ஜெபமோ,
அப்பாவுக்கு ஏச்சோ தெரியாது.
காற்று என் தலைமயிரைத் தூக்கியது.
அம்மா ஈர்க்கைப் பார்த்தா.
நான் வாவியைப் பார்த்தேன்.
"ஈரத்தில புண் வைக்கும்" என்றா, அவ்வளவுதான்.

வெளிச்சம் ஒன்று ஆடி ஆடி வந்தது.
பைக்கின் கையில் தொங்கிய பை உள்ளே அசைந்தது,
நண்டு, உயிர் நண்டு.
அம்மா நிற்பதைக் கண்டதும் அப்பா எஞ்சினை நிறுத்திப்
பையைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் பிடித்தார்,
ஸ்கூலில் பிடிபட்ட பொடியன் மாதிரி.
நாலு வருசத்துக்குப் பிறகு
இரண்டு பேரும் இவ்வளவு கிட்ட.
"மழை" என்றார் அப்பா.
"ஓம்" என்றா அம்மா.

அடுத்த நாள் நண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு
அப்பா பருப்புக் காய்ச்சினார்.
உப்புக் கூட. "சாப்பிடு, சாப்பிடு" என்றார்,
ஏதோ பெரிய உபகாரம் செய்த முகத்தோடு.
என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.
எனக்கு அன்றைக்கு நண்டு வேண்டியிருந்தது.

ஞாயிறு இரவு அம்மா கேட்டா.
"பருப்பு" என்றேன்.
விரலை முகர்ந்து பார்த்தா.