எட்டு மீட்டர் குறைவு

முதல் வருடம் ஓட்டல் மொட்டைமாடி.
நீல வெள்ளைத் தோரணம் காற்றில் அறுந்து
புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.
அடுத்த வருடம் அஸ்தம்பட்டியில் கல்யாண மண்டபம்.
பலகையில் 'ஜெர்மன் உணவுத் திருவிழா' என்று மட்டும்
போடச் சொன்னார் மண்டபக்காரர்.
முந்தின நாள் மணமக்களின் பெயர்
தெர்மாகோலில் பாதி உரிந்து நிற்க
அதன் கீழே உட்கார்ந்து ஊதினார்கள்
பெங்களூரிலிருந்து வந்த பித்தளை வாத்தியக்காரர்கள்.
பந்திக்கு இலை போடட்டுமா என்று
சமையல்காரர் மூன்று முறை கேட்டார்.

மூன்றாம் வருடத்தைப் பற்றி
விழாக்குழுவில் யாரும் பேசுவதில்லை.

இந்த வருடம் இடம் பார்க்கும் வேலை எனக்கு.
நூறு மீட்டர் டேப், ஒரு கோப்பு,
முன்சீட்டில் ஹார்ட்மூட்.
நூற்பாலைக்கு இயந்திரம் பூட்ட
ஆறு மாதம் என்று வந்து
பதினோரு வருடமாகக் கிளம்பாதவர்.

ஏற்காட்டில் ஏரிக்கு மேலே ஒரு காபித் தோட்டம்.
குளிர் இருக்கிறது, சில்வர் ஓக் இருக்கிறது,
பிலோமினா மேடம் வாடகையில் பாதி குறைக்கிறார்.
டிரைவர் தாண்டவன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.
இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
வண்டியை நிறுத்தி எண்ணைப் படித்தான்:
இருபது. பத்தொன்பது. பதினெட்டு.
பதினொன்றில் ஹார்ட்மூட்
என் மடியிலிருந்த கோப்பை எடுத்து
ஏற்காட்டை அடித்துவிட்டார்.

இன்னும் மூன்று இடம்.
ஒன்றின் அருகே பள்ளிக்கூடம். ஒன்றில் பெருமாள்.
ஒன்றில் வட்டச் செயலாளர் வீடு,
அதற்கு மீட்டர் கணக்கே கிடையாது.

கடைசியாக ஆத்தூர் ரோட்டில் சேகோ ஆலை.
இரண்டு ஏக்கர் சிமெண்டுக் களம்,
வெயிலில் கண் நிற்காத வெள்ளை.
மரவள்ளிப் பால் புளித்த வாடை
கேட்டிலேயே ஆளைப் பிடித்துத் தள்ளியது.
நான் துப்பட்டாவைத் தேடினேன்.
ஹார்ட்மூட் கண்ணை மூடி இழுத்தார்,
இன்னொரு முறை இழுத்தார்,
'எங்க ஊர்' என்றார், தமிழில்.

ஆலை முதலாளி குழந்தைவேலு
அக்டோபருக்கு உடனே ஒத்துக்கொண்டார்.
மழை மாசம், களம் சும்மாதானே கிடக்கும் என்றார்.
மழை மாசம் என்பதை
நான் கோப்பில் எழுதவில்லை.

கேட்டிலிருந்து டேப்பை இழுத்துப் போனேன்,
ரோட்டோரத்து மஞ்சள் பூசின கல் வரை.
அரளி அன்று காலையில் வைத்தது.
தொண்ணூற்றிரண்டு.
நூறு வேண்டும் என்கிறது விதி.
'கல்லைக் கொஞ்சம்...' என்று
ஹார்ட்மூட் காற்றை இரண்டு கையால் தூக்கி
அந்தப் பக்கம் வைத்துக் காட்டினார்.

மாவு துழாவிக்கொண்டிருந்த பச்சியம்மாள்
நிமிராமலே சொன்னாள்:
'சாமி எங்கயும் போவாதுங்க.
உங்க வாசலை அந்தாண்ட வெச்சுக்கங்க.'

டேப்பை அப்படியே போட்டுவிட்டு
கிழங்கு லாரி வரும் பின்கேட்டுக்குப் போனோம்.
ஹார்ட்மூட் காலடியால் அளந்தார்: நூற்று நாற்பது.
கல் அதே இடத்தில் இருந்தது,
நாங்கள்தான் யோக்கியர்களாகிவிட்டோம்.

ஒரு கிளாஸ் எவ்வளவு என்று கேட்டாள் பச்சியம்மாள்.
பாதி விலைதான் சொன்னேன்.
அதுவே அவளுக்கு ஒரு நாள் கூலி.
'அத்தனை காசுக்குக் குடிச்சா
போதை ஏறுமா, கணக்கு ஏறுமா?'
களத்தில் நின்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள்.
என்ன, என்ன என்றார் ஹார்ட்மூட்.
பேச்சை மாற்ற
சேர்வராயன் மலையைக் கை காட்டினேன்.
மலை இல்லை. சாம்பல் நிறம்தான் இருந்தது.

பிறகு எல்லாம் ஓட்டம்.
தார்ப்பாய், தார்ப்பாய் என்று குழந்தைவேலு,
தட்டுக்கூடையும் துடைப்பமுமாகப் பெண்கள்,
கோப்பைத் தலைக்குப் பிடித்தபடி நான்.
ஒரு முனையில் பச்சியம்மாள் 'இழுங்க, இழுங்க' என்று கத்த
மறுமுனையைப் பற்றிய ஹார்ட்மூட்
ஈர மாவில் வழுக்கி உட்கார்ந்தார், விடவில்லை.

மூடி முடித்துத் தகரத்தடியில் நின்றபோதுதான்
டேப் ஞாபகம் வந்தது.
பழைய வாசலிலிருந்து கல்வரை
மழையில் நீண்டு கிடந்தது.
மஞ்சள் கரைந்து
ஒவ்வோர் எண்ணாக ஏறி வந்துகொண்டிருந்தது.

கோப்பில் ஒரு கட்டம் பாக்கி:
மழை பெய்தால் மாற்று ஏற்பாடு.
தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த தாண்டவன்
'தார்ப்பாய்னு எழுதுங்க' என்றான்.