இலக்கம் பதினேழு

கவென்ட்ரி நகரசபையில் மூன்றாம் மாடி.
பதினொரு கதிரை, ஒரு தட்டு பிஸ்கட்.
இரண்டாவது கோப்பு முடியும்வரை
அதை யாரும் தொடமாட்டார்களாம்.

வழக்கமாக என்னைக் கூப்பிடுவதில்லை.
இன்றைக்குக் கடிதத்தின் வாசகத்துக்காக.

இங்கே பிள்ளைகளுக்குப் பேர் கிடையாது.
இலக்கம் பதினேழு, இருபது மாதம், ஆண் என்றார்
தலைமை தாங்கிய டொக்டர் மொய்ரா.
எனக்குப் பேர் தெரியும்.
தாயின் கேள்விகளை ஆங்கிலமாக்கியது நான்தான்.
கொப்பித்தாளில் நாலு கேள்வி.
மூன்றாவதை வெட்டியிருந்தா,
வெட்டின பிறகும் வாசிக்கலாம்:
"நான் சோறு வடிச்சு முடிக்க எவ்வளவு நேரம் போயிருக்கும்?"

பொலிஸ்காரர் படம் காட்டவில்லை, அளவு சொன்னார்.
யன்னல் திரையின் மணிக்கயிறு
தொட்டில் விளிம்பிலிருந்து இருபத்திரண்டு சென்ரிமீற்றர்.
ஒரு சாண் என்றது என் மனம்,
யாரும் கேட்காமலே.

திரை முந்தி இருந்தவர்கள் விட்டுப்போனது.
வீட்டைப் பரிசோதித்த படிவத்தில்
காஸ் உண்டு, ஈரம் உண்டு, புகைமணி உண்டு.
கயிறுக்குப் பெட்டி இல்லை.

துண்டுப்பிரசுரம் எட்டு மொழியில் இருக்கிறது என்றா
வீடுவீடாகப் போகிற தாதி பெர்னடெற்,
"அன்றைக்கு என் பையில் ஆங்கிலம்தான் இருந்தது."
சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியைக்
கழற்றினா, பூட்டினா, கழற்றினா.

நாங்கள் நீதிமன்றம் இல்லை என்றார் மொய்ரா.
பிறகு பழைய கோப்பொன்றைத் திறந்தார்.
மூன்று வருஷத்துக்கு முந்தி, இலக்கம் ஒன்பது.
அதே கயிறு.
அப்போதும் பரிந்துரை எழுதினார்கள்.
கடிதம் போய்ச் சேர்ந்த மேசைக்காரர்
வேலையை விட்டு இரண்டு கிழமை.
அதன் பிறகு கொஞ்ச நேரம்
ரேடியேற்றர் மட்டும் பேசியது.

இப்போது என் முறை.
மாற்றக்கூடிய காரணி: இதைத் தமிழில் எப்படி?

மாற்றலாம் என்றால் அது நாளைக்கு,
இன்னொரு வீட்டுக்கு, இன்னொரு தொட்டிலுக்கு.
மாற்றியிருக்கலாம் என்றால்
அது அந்தத் தாயின் குசினிக்குள் போய்
சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் நிற்கும்,
ஆயுசுக்கும்.
நடுவில் இருப்பது ஒரு "இரு" தான்.

மூன்று தரம் எழுதி அடித்தேன்.
கடைசியில்:
"அந்தக் கயிறைப் பார்க்கும்படி
யாரும் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.
இனிச் சொல்லப்படும்."
அடியில், வெட்டின கேள்விக்கும் பதில்.
மொய்ரா ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு,
அதை விடுங்கள், இருக்கட்டும் என்றார்:
"ஒரு நிமிஷமும் போதும். யார் வீட்டிலும்."

படிவத்தில் பெட்டி வரும், தை மாதத்திலிருந்து.
கடிதம் இந்தமுறை பதவிக்கு, ஆளுக்கில்லை.
சுவரில் அடிக்கும் கொளுக்கி எழுபது பென்ஸ்.
தமிழ்ப் பிரசுரம் எத்தனை வேணும் என்றேன்.
உள்ளதெல்லாம் என்றா பெர்னடெற்.

பஸ்ஸில் மேல்தட்டு.
ஃபோல்ஸ்ஹில் வீதியின் யன்னல்கள்
கண்ணுக்கு நேரே போகின்றன.
உயரக் கட்டியிருந்தது, ஒன்று.
கட்டியிருந்தது, இரண்டு.
தொங்குகிறது.
அடுத்த வீட்டில் இன்னும் விளக்குப் போடவில்லை.