பதினோராவது டேக்

காஷ்மீரிலிருந்து திருட்டுப் பந்தயம் வந்த
பதினேழு கார்களை
ஆரல்வாய்மொழியில் மறிக்கும் போலீஸ் நான்.
கார் பறக்கணும், பின்னாலேயே என் தொப்பி.
ராட்சத விசிறி கொண்டுவந்திருந்தார்கள்.
எதுக்கு?
கார் வருமுன்னமே தொப்பியைக் கொண்டுபோயிற்று
கணவாய்க் காற்று.
பத்துமுறை
காற்றாலைக்குக் கீழே முள்ளுக்குள் பொறுக்கினேன்.
பதினொன்றில் ஊக்கு குத்தினார்கள்;
தொப்பி அசையவே இல்லை.
அதுதான் படத்தில் இருக்கிறது.

மார்த்தாண்டம் தியேட்டரில்
கடலையிலிருந்து தலைதூக்கிப்
புஷ்பலீலா கேட்டாள்,
"நீங்க எப்பம் வருவிய?"
வந்து போயிருந்தேன்.

திரும்புகையில் பாலத்தடியில் நிஜ போலீஸ்.
ஹெல்மெட் இல்லை.
அவர் காலைக் காட்சியே பார்த்தவர்.
"ஊக்குத் தொப்பி நீதானா டேய்!"
வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடியே
ஆயிரம் ரூபாய் எழுதினார்.

பதினேழு காரும்
முக்கடலில் போய்க் குதித்தன.
ஒன்றுக்கும் அபராதமில்லை.